குரு பூர்ணிமாவுக்கு ரிஷிகேஷ்: தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் சென்று திரும்புவதற்கான முழுமையான வழிகாட்டி

ஆஷாட மாதப் பௌர்ணமியில் வரும் குரு பூர்ணிமா, வேதங்களைத் தொகுத்த வியாசரின் பெயரால் வியாச பூர்ணிமா என்றும் வழங்கப்படுகிறது. சந்நியாசிகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருக்கும் சாதுர்மாஸ்ய விரதத்தை அன்றுதான் தொடங்குகிறார்கள். ஆகவே ஆசிரமங்கள் நிறைந்த ரிஷிகேஷில் இந்த நாளுக்கு மற்ற விழாக்களுக்கு இல்லாத ஒரு தனி நிறைவு உண்டு. அங்குள்ள சிவானந்த ஆசிரமத்துக்கு இந்த விழாவுக்காகச் செல்ல விரும்பும் தமிழ்நாட்டு அன்பர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆசிரமத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887 செப்டம்பர் 8 அன்று திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றி, 1924இல் ரிஷிகேஷில் துறவு பூண்டவர். அவர் தொடங்கிய தெய்வ நெறிக் கழகம் 1936 முதல் இயங்கி வருகிறது.

வழக்கமான பயணக் குறிப்புகள் போகும் வழியை விரிவாகச் சொல்லிவிட்டு, திரும்பும் வழியை ஒரு வரியில் முடித்துவிடும். இந்தப் பயணத்துக்கு அந்த வரிசை ஒத்துவராது. இங்கே திரும்பும் நாளை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் புறப்படும் நாளைக் குறிக்க வேண்டும். அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளப் பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குவதே முறை.

முதல் படி: நாளைக் குறித்தல்

நமக்குச் சூரியனைக் கொண்ட மாதக் கணக்கு. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அமாவாசையோடு முடியும் சந்திர மாதம். உத்தரகண்ட், உத்தரப் பிரதேசம் முதலிய வட மாநிலங்களிலோ பௌர்ணமியோடு மாதம் முடிகிறது. ஆகவே குரு பூர்ணிமாவோடு அவர்களுடைய ஆஷாடம் முடிந்து, மறுநாள் காலையிலேயே சிவபெருமானுக்குரிய சிராவண மாதம் பிறந்துவிடுகிறது. அன்றே காவடி யாத்திரையும் தொடங்குகிறது. காவி உடுத்திய கோடிக்கணக்கான பக்தர்கள் ஹரித்வாருக்கு வந்து, கங்கை நீரைக் காவடியில் எடுத்துக்கொண்டு, தங்கள் ஊர்ச் சிவாலயத்தில் சிராவணச் சிவராத்திரியன்று அபிஷேகம் செய்வதற்காக நடந்தே திரும்புகிறார்கள். தில்லியிலிருந்து மீரட், முசாபர்நகர், ரூர்க்கி வழியாக ஹரித்வார் செல்லும் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி அந்த இரண்டு வாரங்களில் அவர்களுக்கே விடப்படுகிறது. மற்ற வாகனங்கள் சுற்றுவழியில் திருப்பி விடப்படுகின்றன.

அதாவது, விழாவுக்குப் போகும்போது வழி திறந்திருக்கும், திரும்பும்போது அதே வழி அடைபட்டிருக்கும். ஊர்ப் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்து ஆடி மாதத்தில் ஒரு பௌர்ணமி என்று நினைத்துப் புறப்படுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

2026ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் வட இந்தியக் கணக்கின் ஜ்யேஷ்ட மாதம் இரட்டித்து அதிக மாதமாக வருவதால் குரு பூர்ணிமா தள்ளிப்போய், ஜூலை 29 புதன்கிழமை அன்று அமைகிறது. ஜூலை 30 அன்று காவடிக் காலம் தொடங்கி, ஆகஸ்ட் 11 சிராவணச் சிவராத்திரியோடு நிறைவடைகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, 2025இல் குரு பூர்ணிமா ஜூலை 10 அன்றே வந்துவிட்டது. எந்த ஆண்டானாலும் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கிச் சதுர்த்தசியில் முடிகிற அந்த இடைவெளி மாறாது.

இனி ஆசிரமத்தின் நாட்காட்டி. சுவாமி சிவானந்தர் 1963 ஜூலை 14 அன்று மகாசமாதி அடைந்தார். அவருடைய ஆண்டு நினைவு நாளான ஆராதனை திதிப்படி கொண்டாடப்படுவதால் குரு பூர்ணிமாவுக்கு ஏறத்தாழ 9 நாள் கழித்து வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் சாதனா வாரம் என்ற பெயரில் தியானம், சொற்பொழிவு, யோகப் பயிற்சி, சங்கீர்த்தனம் ஆகியவை நாள் முழுவதும் நடைபெறுகின்றன. 2026இல் ஆராதனை ஆகஸ்ட் முதல் வாரத்தின் இறுதியை ஒட்டி அமையும். ஆராதனை முடிந்த கையோடு புறப்படலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நாட்களில்தான் காவடிக் கூட்டம் உச்சத்தைத் தொடுகிறது. சிவராத்திரிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில், நடந்து செல்வோரோடு, நீரை எங்கும் கீழே வைக்காமல் ஓட்டமாக எடுத்துச்செல்லும் டாக் காவடிக் குழுவினரும் லாரிகளிலும் இருசக்கர வாகனங்களிலும் சேர்ந்துகொள்வார்கள்.

ஆகவே மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விழாவை மட்டும் கண்டு, பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டுவிடுவது ஒன்று. சாதனா வாரத்தின் முதல் சில நாட்களில் கலந்துகொண்டு, கூட்டம் பெருகுவதற்குள் கிளம்புவது மற்றொன்று. சாதனா வாரம், ஆராதனை, சிவராத்திரி மூன்றையும் அங்கேயே கழித்துவிட்டு, சாலைகள் வெறிச்சோடிய பிறகு நிதானமாகத் திரும்புவது மூன்றாவது. அத்தனை நாள் தங்க ஆசிரமத்தில் அனுமதி கிடைப்பதைப் பொறுத்தே இந்த மூன்றாவது வழி அமையும். முதல்முறை செல்பவர்களுக்கும், முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கும் முதல் வழியே ஏற்றது என்பது என் கருத்து. அரைகுறையாகச் சாதனா வாரத்தில் உட்கார்ந்து, மனம் முழுவதும் ரயிலைப் பற்றிய கவலையில் இருப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: ஆசிரமத்தின் அனுமதி

பயணச்சீட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. சிவானந்த ஆசிரமத்தை விடுதியாகக் கருதி, வாசலில் போய் நின்று அறை கேட்கக் கூடாது. தங்க விரும்புபவர் தம் பெயர், வயது, தொழில், முகவரி, உடன் வருவோரின் விவரம், வரும் நாள், போகும் நாள், வருகையின் நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்னதாகவே எழுதி, அனுமதிக் கடிதம் பெற்றுக்கொள்ள வேண்டும். விழாக்காலத்தில் இடம் விரைவில் நிறைந்துவிடுமாதலால், பௌர்ணமிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. அப்படி எழுதினால், ரயில் முன்பதிவு திறக்கும் வேளையில் பதில் கையில் இருக்கும்.

கடிதத்தில் உடல்நிலையை மறைக்காமல் எழுதுங்கள். ஆசிரமம் மலைச்சரிவில் அமைந்திருக்கிறது. சாலையிலிருந்து மேலே உள்ள விசுவநாதர் ஆலயத்துக்கும் சமாதி மண்டபத்துக்கும் படிகளில் ஏறியே செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவர் முன்கூட்டியே தெரிவித்தால், ஏற்றம் குறைந்த இடத்தில் தங்க வைக்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

தங்கவும் உண்ணவும் கட்டணம் வசூலிப்பதில்லை. இயன்ற காணிக்கையைச் செலுத்தலாம். கட்டணம் இல்லை என்பதாலேயே, அதற்குரிய கடமை நம்மிடம் கூடுகிறது. குறிப்பிட்ட நாளுக்கு மேல் தங்க முயல்வதும், அனுமதி பெறாத உறவினரைக் கூட அழைத்துச் செல்வதும் முறையல்ல. பயணம் ரத்தானால் உடனே எழுதித் தெரிவித்துவிட்டால், அந்த இடம் காத்திருக்கும் மற்றொருவருக்குக் கிடைக்கும்.

அனுமதி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. ஆசிரமம் இருக்கும் பகுதியான முனி கி ரேத்தியிலும், ஆற்றின் மறுகரையிலுள்ள ஸ்வர்காசிரமத்திலும் தர்மசாலைகளும் விடுதிகளும் நிறைய உள்ளன. வெளியே தங்கிக்கொண்டு வழிபாட்டிலும் சத்சங்கத்திலும் கலந்துகொள்ளலாம். ஆனால் ஒன்று: பாலத்தின் எந்தக் கரையில் அறை எடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். காவடி எடுப்போர் பலர் மறுகரை மலையிலுள்ள நீலகண்ட மகாதேவர் கோவிலுக்குச் செல்வதால், பௌர்ணமி கழிந்தவுடன் ராம் ஜூலா பாலத்தில் நெரிசல் தொடங்கிவிடும். ஆசிரமம் இருக்கும் முனி கி ரேத்திக் கரையிலேயே தங்கினால் அந்தப் பாலத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ரயில் முன்பதிவு

2024 நவம்பர் 1 முதல், ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பாகவே திறக்கிறது. அதற்கு முன்பிருந்த 120 நாள் வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2026 ஜூலை 25 இரவு சென்னையிலிருந்து புறப்பட எண்ணினால் மே 26 காலை 8 மணிக்கும், தில்லியிலிருந்து ஜூலை 30 அன்று திரும்ப எண்ணினால் மே 31 காலை 8 மணிக்கும் முன்பதிவு திறக்கும். மே 31 ஞாயிற்றுக்கிழமை. முன்பதிவு மையங்கள் ஞாயிறன்று அரை நாளே இயங்கும் என்பதால், கவுன்ட்டரில் எடுப்பவர்கள் காலையிலேயே சென்றுவிட வேண்டும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புது தில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தினந்தோறும் ஓடுகின்றன. தூரம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணியளவில் புறப்பட்டு, இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடி, மூன்றாம் நாள் காலை ஆறரை மணியளவில் புது தில்லியை அடைகிறது. ஜி.டி. என்று பலரும் சொல்லும் கிராண்ட் டிரங்க் கூடுதல் நிறுத்தங்களில் நின்று செல்வதால் சற்று நேரம் கூடுதலாகும். தென் மாவட்டத்தாருக்குக் கன்னியாகுமரியிலிருந்து மதுரை, திருச்சி வழியாகத் திருக்குறள் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் வாரத்தில் சில நாட்கள் ஹஸ்ரத் நிஜாமுதீன் வரை செல்கின்றன. கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தார் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறிக்கொள்ளலாம்.

திருவனந்தபுரம் வடக்கு நிலையத்திலிருந்து யோக நகரி ரிஷிகேஷுக்கே நேரடியாக வாராந்திர ரயில் ஒன்றும் இருக்கிறது. நாகர்கோவில், நெல்லைப் பகுதியினருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அது கொங்கண் பாதையில் செல்வது. ஜூன் நடுவிலிருந்து மழைக்காலம் முடியும் வரை கொங்கண் ரயில்கள் வேகத்தைக் குறைத்துத் தனி மழைக்கால அட்டவணைப்படி ஓடுகின்றன. புறப்படும் நேரமும் மாறும். வாரத்துக்கு ஒரே ரயில் என்பதால், அதைத் தவறவிட்டால் விழாவே தவறிவிடும். திரும்புவதற்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம். போவதற்குத் தினசரி ரயிலே பாதுகாப்பு.

சீட்டு எடுக்கும்போது கவனிக்க வேண்டிய விதிகள் சில. காத்திருப்போர் பட்டியலில் உள்ள சீட்டோடு ஸ்லீப்பர் பெட்டியிலும் ஏ.சி. பெட்டியிலும் ஏற முடியாது. இந்த விதி 2025 மே முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. இணையத்தில் எடுத்த சீட்டு, பட்டியல் தயாராகும்போது முழுவதும் காத்திருப்பிலேயே இருந்தால், தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். ஆர்.ஏ.சி. கிடைத்தால் ஏறலாம், ஆனால் இரண்டு இரவுப் பயணத்தில் பாதிப் படுக்கையில் உட்கார்ந்தே செல்வது முதியவர்களால் இயலாது. தத்கல் சீட்டு, ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல், இணையத்தில் தத்கல் எடுக்க, ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட கணக்கு தேவை. அந்தச் சரிபார்ப்பைத் தத்கல் அன்று காலையில் செய்ய முயலாமல், வீட்டில் ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் முடித்து வையுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது. அதைப் பெற, முதியவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு பேராகத் தனிச் சீட்டு எடுப்பதே வழி. குடும்பம் முழுவதையும் ஒரே சீட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது.

ஜூலை மாத இறுதியில் நாக்பூர், போபால் வட்டாரத்தில் பருவமழை பெய்துகொண்டிருக்கும். வெயில் குறைந்திருந்தாலும் புழுக்கம் இருக்கும். இளையவர்களுக்கு ஸ்லீப்பரே போதும். அறுபதைக் கடந்தவர்களுக்கு மூன்றடுக்கு ஏ.சி. எடுங்கள்.

நான்காம் படி: தில்லியைக் கடத்தல்

இந்தப் பயணத்தின் பலவீனமான கண்ணி தில்லிதான். புது தில்லியிலிருந்து டேராடூன் சதாப்தி காலை ஏழு மணிக்கு முன்பே புறப்பட்டு, நண்பகலுக்குள் ஹரித்வாரை அடைகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ ஆறரைக்கு வருகிறது. கால அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் அழகாகப் பொருந்துவதுபோல் தோன்றும். இந்த இரண்டையும் இணைத்துச் சீட்டு எடுக்காதீர்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் ரயில் அரை மணி நேரம் தாமதமாவது செய்தியே அல்ல. அப்படித் தாமதமானால் சதாப்தியைத் தவறவிட நேரிடும்.

பிற்பகலில் புது தில்லியிலிருந்து புறப்படும் டேராடூன் ஜன்சதாப்தியில் இடம் எடுத்தால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நான்கைந்து மணி நேரம் தாமதமானாலும் பாதகமில்லை. இடைப்பட்ட நேரத்தில் குளித்து ஓய்வெடுக்க, நிலையத்தின் ஓய்வறையைப் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பொருள் பாதுகாப்பறையில் பைகளை வைக்க வேண்டுமானால் அவற்றுக்குப் பூட்டு இருக்க வேண்டும். ஜிப்பில் மாட்டும் சிறிய பூட்டுகளை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மாலையில் ஆனந்த் விஹாரிலிருந்து டேராடூனுக்கு வந்தே பாரத் ரயிலும் உண்டு. ஆனால் அதில் வந்தால் ஹரித்வாரில் இறங்கும்போது இரவு ஒன்பதைக் கடந்துவிடும். முதல்முறை வருபவர்களுக்கு அது உகந்த நேரமல்ல.

நிஜாமுதீனில் இறங்குபவர்கள், அது புது தில்லி நிலையத்திலிருந்து வேறான, தொலைவிலுள்ள நிலையம் என்பதை மறக்கக் கூடாது. அங்கிருந்து இளஞ்சிவப்பு மெட்ரோவில் ஆனந்த் விஹார் சென்றால், உத்தரகண்ட் அரசுப் பேருந்துகள் கிடைக்கும். புது தில்லியில் இறங்குபவர்கள் மஞ்சள் மெட்ரோவில் கஷ்மீரி கேட் சென்று, அங்குள்ள பேருந்து நிலையத்தில் ஏறலாம். பௌர்ணமிக்கு முன் இந்தச் சாலைப் பயணம் ஆறு ஏழு மணி நேரத்தில் முடியும். பௌர்ணமிக்குப் பின் பேருந்தை நம்பவே வேண்டாம்.

நிலைய வாசலில் "உங்கள் ரயில் ரத்தாகிவிட்டது, கார் ஏற்பாடு செய்கிறேன்" என்று தமிழிலேயே பேசி அணுகுபவர்கள் இருப்பார்கள். ரயில் நிலையை 139 என்ற எண்ணிலோ ரயில்வேயின் செயலியிலோ பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஹரித்வாரிலிருந்து ஆசிரம வாசல் வரை

ஹரித்வாரிலிருந்து ரிஷிகேஷ் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஹரித்வார் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தும், விக்ரம் என்று அவர்கள் அழைக்கும் பங்கு ஆட்டோவும் கிடைக்கும். பேருந்து ரிஷிகேஷ் நகரத்தோடு நின்றுவிடும். ஆசிரமம் இருப்பது அதைக் கடந்த முனி கி ரேத்தியில். ஆகவே இன்னொரு விக்ரம் பிடித்து, "ராம் ஜூலா, சிவானந்த் ஆஸ்ரம்" என்று சொன்னால் போதும். நான்கு பேரும் பெட்டிகளும் இருந்தால் ஹரித்வாரிலிருந்தே தனி ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது மேல். ஏறுவதற்கு முன் கட்டணத்தையும், ஆசிரம வாசல் வரை வரவேண்டும் என்பதையும் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

ரிஷிகேஷ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இடம் மூன்று மாவட்டங்களில் பரந்திருக்கிறது: நகரம் டேராடூன் மாவட்டத்திலும், முனி கி ரேத்தி டெஹ்ரி கட்வாலிலும், மறுகரையின் ஸ்வர்காசிரமம் பவுரி கட்வாலிலும் அடங்கும். விழாக்காலத்தில் மாவட்ட எல்லைகளில் வாகனங்களை நிறுத்தினால், அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள். அதன் அச்சுப் பிரதி ஒன்றும், ஆதார் அட்டையின் நகல்களும் கைப்பையில் எளிதாக எடுக்கும்படி இருக்கட்டும்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு மாலையில் வந்து சேர்வதே சரியான கணக்கு. முன்தினம் முழுவதும் ஓய்வுக்கும், இடம் பழகுவதற்கும், பதிவு வேலைகளுக்கும் கிடைக்கும். பௌர்ணமியன்றே வந்து இறங்கலாம் என்று நினைத்தால், கங்கையில் நீராட ஹரித்வாரில் கூடும் பெருங்கூட்டத்துக்கு நடுவே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க நேரிடும்.

ஆறாம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

மழைக்காலத்தில் துணி உலராது. இரண்டு நாளைக்குத் துவைக்காமல் சமாளிக்கும் அளவு மெல்லிய பருத்தி உடைகள், வழிபாட்டுக்கு வேட்டி, சேலை அல்லது முழுவுடல் மறைக்கும் சல்வார், குடை, படிகளில் வழுக்காத வார்ச்செருப்பு, டார்ச், வழக்கமான மருந்துகள் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கு உபரியாக: இவை போதும். ஆசிரமத்தின் தொண்டு மருத்துவமனை அருகிலேயே உள்ளது என்றாலும், நாம் சாப்பிடும் அதே மருந்து கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பையோடு படியேறினால் அதில் பிரசாதம் இருப்பதாகவே அவை முடிவு செய்துகொள்ளும். எல்லாவற்றையும் மூடிய துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் உணவைப் பொறுத்தவரை நம் வீட்டு மரபே சிறந்த வழிகாட்டி. முதல் இரவுக்குத் தயிர் சாதம், மறுநாள் காலைக்கு எண்ணெய் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, நண்பகலுக்குப் புளியோதரை. இந்த வரிசையை மாற்றித் தயிர் சாதத்தை மறுநாளுக்கு வைத்தால், ஜூலைப் புழுக்கத்தில் அது தாங்காது. ரிஷிகேஷிலும் ஹரித்வாரிலும் மதுவுக்கும் இறைச்சிக்கும் தடை உண்டு என்பதையும் உடன் வருபவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: விழா நாள்

ஆசிரமத்தின் நாள் விடியற்காலைப் பிரார்த்தனையோடு தொடங்கி, இரவுச் சத்சங்கத்தோடு முடிகிறது. இதற்கிடையில், 1943 டிசம்பர் 3 அன்று தொடங்கிய மகாமந்திர சங்கீர்த்தனம் பஜனை மண்டபத்தில் இரவு பகலாக இடைவிடாமல் ஒலித்து வருகிறது. அதே மாதத்தின் இறுதி நாளில் பிரதிஷ்டையான விசுவநாதர் ஆலயம் அதன் அருகிலேயே உள்ளது. குரு பூர்ணிமாவன்று சமாதி மண்டபத்தில் நடைபெறும் பாதுகா பூஜையே விழாவின் மையம். அன்று காலையில் மண்டபத்தில் இடம் கிடைக்க வேண்டுமானால், விடியற்காலைப் பிரார்த்தனைக்கே சென்று உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு வந்தால் வெளித் தாழ்வாரம்தான்.

வெறுங்கையோடு குருவைக் காணச் செல்வதில்லை என்பது நம் வழக்கம். பழமும் பூவும் போதுமானவை. அவை முனி கி ரேத்திக் கடைகளிலேயே கிடைக்கும். காணிக்கையை அலுவலகத்தில் செலுத்தி இரசீது பெற்றுக்கொள்வதே முறை. மூத்த சந்நியாசிகளைக் கண்டவுடன் பாதத்தைத் தொட விரைவது, அன்பு மிகுதியானாலும், அவர்களுக்குச் சிரமம் தரும். சற்று விலகி நின்று வணங்கினால் போதும். கைப்பேசியை அணைத்து வையுங்கள். படம் எடுக்கலாமா என்பதை ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாச பூஜையைச் சங்கர மரபின் பழைய முறையில் காண விரும்புபவர்கள், முனி கி ரேத்தியிலேயே உள்ள கைலாச ஆசிரமத்தில் விசாரித்துப் பார்க்கலாம். அட்சதை பரப்பி, அதன்மேல் எலுமிச்சம்பழங்களை வைத்து, கிருஷ்ண பஞ்சகம், வியாச பஞ்சகம், ஆசார்ய பஞ்சகம் என ஐவர் ஐவராகக் குரு வரிசையை ஆவாகனம் செய்யும் அந்தப் பூஜையை, காஞ்சி, சிருங்கேரி மடங்களின் சாதுர்மாஸ்யத்தில் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதியின் ஆசிரமமும் ரிஷிகேஷில் கங்கைக் கரையில் இருக்கிறது.

கங்கை நீராடலில் பக்தியோடு எச்சரிக்கையும் வேண்டும். ஜூலையில் ஆறு சேற்று நிறத்தில், கரை தொட்டு, நாம் காவிரியில் கண்டு பழகாத வேகத்தில் ஓடும். நீரும் குளிர்ந்திருக்கும். படித்துறையில் பொருத்தியிருக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுக்கு மேல் இறங்காமல் மூழ்கி எழுங்கள். இருட்டில் இறங்காதீர்கள், மேலே அணையிலிருந்து நீர் திறக்கும்போதும், மலையில் மழை கொட்டும்போதும் மட்டம் சட்டென்று உயரும். நீச்சல் தெரிந்தவர்கள்தாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். படியில் அமர்ந்து சொம்பில் முகந்து ஊற்றிக்கொண்டாலும் அது கங்கா ஸ்நானமே.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பத்ரிநாதரையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் எழும். இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு என்றாலும், முழுவதும் மலைச்சாலை. ஜூலை, ஆகஸ்டில் நிலச்சரிவால் மணிக்கணக்கிலும் சில வேளை நாள்கணக்கிலும் அது அடைபடுகிறது. திரும்பும் ரயிலுக்கு நாள் குறித்துவிட்டு அந்தச் சாலையில் ஏறுவது அறிவுடைமை ஆகாது. சார் தாம் யாத்திரைக்குத் தனிப் பதிவும் கட்டாயம். மே, ஜூன் அல்லது செப்டம்பர் இறுதிக்குப் பிறகு அதற்கென்றே வாருங்கள்.

எட்டாம் படி: திரும்புதல்

முதல் வழியைத் தேர்ந்தவர்கள் பௌர்ணமி மாலைக்குள் அலுவலகத்தில் கணக்கு முடித்து, அறைச் சாவியை எப்போது, யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு, விடியற்காலைக்கு வாகனத்தைப் பேசி வைத்துவிட வேண்டும். டேராடூனிலிருந்து வரும் ஜன்சதாப்தி காலை ஆறு மணியை ஒட்டி ஹரித்வாரைக் கடந்து, முற்பகலில் புது தில்லியை அடைகிறது. அதைப் பிடிக்க ஆசிரமத்திலிருந்து நான்கு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். அன்றிரவு ஒன்பது மணியளவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வரை இடைவெளி தாராளமாக இருக்கும். மாலைச் சதாப்தியை நம்பினால் அது தில்லி சேர்வதற்குள் சென்னை ரயில் கிளம்பியிருக்கும். எல்லா நேரங்களையும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி சரிபாருங்கள். காவடிக் காலத்தில் ரயில்வே நிறுத்தங்களையும் நேரங்களையும் மாற்றுவதுண்டு.

காவடி நாட்களுக்குள் திரும்ப நேர்ந்தால், எக்காரணம் கொண்டும் சாலை வழியாகத் தில்லிக்குச் செல்ல வேண்டாம். ஹரித்வாருக்குப் பதிலாக, ஆசிரமத்திலிருந்து சில கிலோமீட்டரிலேயே உள்ள யோக நகரி ரிஷிகேஷ் நிலையத்திலிருந்தே புறப்படும் ரயிலைத் தேடுங்கள். ரயில் அங்கேயே கிளம்புவதால், கூட்டம் ஏறுவதற்கு முன் உங்கள் படுக்கையில் அமர்ந்துவிடலாம். அது கிடைக்காவிட்டால், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் எதிர்த்திசையில் டேராடூனுக்குச் சென்று ஏறுவதும் ஹரித்வார் நடைமேடையைவிட எளிது. ஸ்லீப்பர் பெட்டிகளில் முன்பதிவு இல்லாதவர்களும் ஏறி நிற்கும் நாட்கள் அவை; இந்த ஒரு கட்டத்துக்காவது ஏ.சி. சீட்டு எடுத்து வையுங்கள்.

திரும்பும் வழியில் ஹரித்வாரில் இறங்கி மானசா தேவி கோவிலுக்கும் போய்வரலாம் என்று திட்டமிடுபவர்கள், 2025 ஜூலை 27 அன்று அந்தக் கோவிலின் மலைப்படிப் பாதையில் நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்ததை நினைவில் கொள்ள வேண்டும். சிராவண மாதத்து வார இறுதிகளில், குறிப்பாக முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, அந்தப் படிகளில் ஏறாதீர்கள். ஹரித்வாரைப் பார்க்க விரும்பினால் போகும்போதே, பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னதாக வந்து பார்த்துவிடுங்கள். அதற்கேற்பச் சென்னையிலிருந்து புறப்படும் நாளை ஒன்றோ இரண்டோ முன்னுக்கு நகர்த்தினால் போதும்.